நீந்திச் சென்ற யானைகள்

லுணுகலையிலிருந்து கீழே இறங்கும் பெருந்தெரு பிபிலை, மகா ஓயா வழியாகச் செங்கலடியை அடைகிறது. அத்தெருவில் மட்டக்களப்புக்குப் போய்வருவோர் நம்மிடையே பலர். ஆயினும் பிபிலையில் பெருந்தெருவை விட்டு விலகி, நில்கலைக் காட்டினூடே இங்கினியாகலை வரை சென்று வந்தோர் தோட்டப்புறங்களில் மிகச் சிலரே. பள்ளி விடுமுறையொன்றில் மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றோம்.

மலைக்காற்றின் குளிர்ச்சி மறைந்தது. தேயிலைச் சரிவுகளும் மறைந்தன. ஆளுயரப் புல்வெளியும், இடையிடையே தனித்து நிற்கும் மரங்களும் எதிர்ப்பட்டன. கடுக்காய், தான்றி, நெல்லி ஆகிய மூன்றும் இங்கே இயற்கையாகவே வளர்கின்றன. திரிபலை என நம் வைத்தியர் போற்றும் மருந்தின் மூலப்பொருள்கள் ஒரே காட்டில் நிற்பதைக் கண்டு மாணவர் வியந்தனர்.

பதுளைக்குக் கிழக்கேயுள்ள மலைகளிற் பிறந்து, கல்முனைக்குத் தெற்கே கடலிற் கலக்கும் ஆறு கல்லோயா. தமிழர் அதனைப் பட்டிப்பளை ஆறு என்பர். இங்கினியாகலையில் அதனை மறித்துக் கட்டப்பட்டதே சேனநாயக்க சமுத்திரம். இலங்கையின் மிகப் பெரிய நீர்த்தேக்கம் அது. அதன் நீரேந்து பிரதேசத்தைக் காக்கும் பொருட்டு 1954ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம் கல்லோயா தேசிய வனமாக்கப்பட்டது. ஏனைய வனங்களை வண்டியில் இருந்தே பார்ப்பது வழக்கம். இங்கோ படகில் ஏறியும் பார்க்கலாம்.

பொழுது சாயும் வேளை. படகோட்டி இயந்திரத்தை நிறுத்திக் கைகாட்டினார். கரையிலிருந்து ஒரு யானைக் கூட்டம் நீரில் இறங்கிற்று. சற்றைக்கெல்லாம் உடல்கள் மறைந்தன. மேலே தூக்கிய துதிக்கைகளும் கருந்தலைகளும் மாத்திரமே தெரிந்தன. தாய்க்கு அருகிலே ஒரு குட்டியும் நீந்திற்று. புல் தேடித் தீவுக்குச் செல்கின்றன என்றார் படகோட்டி. படகில் ஒருவரும் பேசவில்லை.

அவை கரையேறிய பின்னர் ஒரு மாணவி கேட்டாள்: “ஐயா, இவை நம் மலைக்கு ஏன் வருவதில்லை?”

வந்துகொண்டுதான் இருந்தன, அம்மா! பதுளையில் உதவி அரசாங்க அதிபராய் இருந்த மேஜர் ரொஜர்ஸ் என்பார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பது வரலாறு. 1845ஆம் ஆண்டு ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி அவர் மாண்டார். துப்பாக்கி கொன்றது போக எஞ்சியவற்றைக் கோப்பித் தோட்டங்கள் விரட்டின. பின்னர் தேயிலை வந்தது. அக்காடுகளை வெட்டச் சொன்னவர் துரைமார். கோடரி பிடித்த கைகளிற் பல நம் பாட்டன்மாருடையவை.

இதனைச் சொன்னபோது அப்பெண்ணின் முகம் வாடிற்று. “அப்படியானால் அவற்றின் வீட்டிலேதான் நாம் குடியிருக்கிறோமா?” என்றாள். ஆம் என்றோம். ஆனால் அவ்வீட்டை நமக்கென எவரும் எழுதித் தரவில்லை. வெட்டிய காட்டில் ஒரு சாண் நிலமும் வெட்டியவருக்கு உரிமையாகவில்லை. லயத்தின் ஒற்றை அறையே கிடைத்தது. இந்த நீர்த்தேக்கம் எழுந்தபோது இப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேடர் குடும்பங்களும் இடம்பெயர்ந்தன. இடமிழந்தோர் பட்டியலில் யானையும் உண்டு, வேடரும் உண்டு, நாமும் உண்டு.

அப்பட்டியல் இன்னும் முடியவில்லை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டில் 400க்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150க்கும் மேற்பட்ட மனிதர் உயிரிழந்தனர். இறந்த மனிதரிற் பலர் ஏழை விவசாயிகள். யானை மீது இரக்கம் கொள்வோர் அவர்களையும் மறத்தல் ஆகாது.

திரும்பும் வழியில் மலையேறுகையில், பாலமொன்றின் கீழே ஓடும் ஓடையைக் காட்டினோம். மலையில் நாம் எறியும் குப்பையும், சரிவில் அரித்துச் செல்லும் மண்ணும் ஓடை வழியே கீழ்நாட்டு நீர்நிலைகளைத்தான் சேர்கின்றன. கையில் வைத்திருந்த வெற்றுப் பொலித்தீன் பையை அம்மாணவி மடித்துத் தன் புத்தகப்பைக்குள் வைத்துக்கொண்டாள். சென்ற பயணத்தின் பயன் அது ஒன்றே போதும் என எண்ணினோம்.