பூட்டின் வேலை

பிறர் வீட்டை உடைத்து நுழையும் குற்றத்தை வரையறுக்க முற்பட்ட 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தன் 445ஆம் பிரிவில் அத்தகைய நுழைவுக்கு ஆறு வழிகளை எண்ணிக் காட்டியது. பூட்டைத் திறத்தல் அவற்றுள் நான்காவது இடத்தையே பெற்றது. நுழைபவன் தனக்கென ஒரு வழியைத் தானே உண்டாக்கிக்கொள்வது முதலாவது வகை. அதற்கு அச்சட்டம் தரும் எடுத்துக்காட்டு, சுவரில் துளையிட்டு அதன் வழியே கையை உள்ளே விடுவது. தமிழில் இதற்குக் கன்னம் வைத்தல் என்றும், இதற்கான கருவிக்குக் கன்னக்கோல் என்றும் பழம்பெயர்கள் உண்டு. மண்சுவர் வீட்டில் கன்னக்கோல் வைத்திருப்பவனுக்குக் கதவு ஒரு பொருட்டே அன்று. ஆகவே சுவர் செங்கல்லும் சிமென்டுமாக இறுகிய பிறகே பூட்டின் தரம் வீட்டாரின் பெருங்கவலையாயிற்று எனக் கொள்ளலாம். அந்த ஆறு வழிகளின் வகைப்பாடு, 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 330ஆம் பிரிவிலும் தொடர்கிறது.

பூட்டின் அடிப்படைக் கருத்து மிகப் பழையது. பண்டை எகிப்தில் வழங்கிய மரப்பூட்டில், கதவை அடைத்து நிற்கும் தாழுக்கு மேலே சில சிறு மர முளைகள் தொங்கும். தாழைத் தள்ளி அடைத்தவுடன் அவை தம் எடையால் தாழின் குழிகளுக்குள் விழுந்து அதை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். பற்கள் கொண்ட நீண்ட மரச்சாவியை உள்ளே விட்டு உயர்த்தினால், பற்கள் முளைகளை ஒருசேர மேலே தள்ள, தாழ் விடுபடும். லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1861இல் காப்புரிமை பெற்ற உருளைப் பூட்டு, இதே கருத்தின் நுண்ணிய வடிவம் ஆகும். அதில் ஓர் உலோக உறைக்குள் சுழலத்தக்க உருளை ஒன்று இருக்கும். உறையையும் உருளையையும் ஊடுருவும் துளைகள் ஒவ்வொன்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு முளைகளும், அவற்றை அழுத்தும் ஒரு சுருள்வில்லும் அமைந்திருக்கும். சாவி இல்லாதபோது மேல்முளை பாதி உறையிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்பதால் உருளை சுழலாது. சாவியின் மேடுபள்ளங்கள் ஒவ்வொரு முளையையும் அதற்குரிய அளவு மட்டுமே உயர்த்தி, இரு முளைகளும் சந்திக்கும் இடத்தை உருளையின் விளிம்போடு சரியாகப் பொருத்தும்போது உருளை சுழல்கிறது. ஐந்து முளைகளில் நான்கு பொருந்தி ஒன்று பொருந்தாவிட்டாலும் கதவு திறவாது.

கடைகளில் ‘ஏழு லீவர் பூட்டு’ என்று கேட்டு வாங்கப்படும் பூட்டு வேறு வகையைச் சேர்ந்தது. லீவர் என்பது ஒரு முனையில் ஆணியால் பொருத்தப்பட்டு, மறுமுனை மேலும் கீழும் அசையக்கூடிய தட்டையான தகடு. அதில் ஒரு வெட்டு இருக்கும். எல்லாத் தகடுகளின் வெட்டுகளும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நின்றால்தான் தாழின் முனை அவற்றின் ஊடே நகர முடியும். 1778இல் இங்கிலாந்தின் இராபர்ட் பேரன் இவ்வகையில் செய்த திருத்தம், தகடு போதிய அளவு உயராவிட்டாலும் பூட்டு திறவாது, அளவுக்கு மேல் உயர்ந்தாலும் திறவாது என்பதாகும். அதற்கு முன் தகட்டை வெறுமனே உயர்த்திவிட்டாலே போதுமாயிருந்தது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டும் லீவர் பூட்டே. தகடுகளையும் சாவியையும் கைவினைஞர் கையால் அராவி ஒன்றுக்கொன்று பொருத்துவதால், ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒருமை அவற்றில் இராது. இயந்திரத்தில் செய்த பூட்டுகளின் போட்டிக்கு முன் இத்தொழில் நலிந்திருப்பது, பூட்டை வாங்குவோர் பெரும்பாலும் விலையை மட்டுமே பார்க்கிறார்கள் என்பதையே காட்டுகிறது.

சாவியின்றிப் பூட்டைத் திறக்க முடிவது, உலோகத்தை முழுத் துல்லியமாக வெட்ட இயலாமையால்தான். உருளையை இலேசாகத் திருகினால் எல்லா முளைகளும் ஒரே நேரத்தில் இறுகுவதில்லை. மயிரிழை அளவு விலகி நிற்கும் ஏதோ ஒன்றுதான் முதலில் இறுகும், அதை உரிய இடத்திற்கு உயர்த்தினால் அடுத்தது இறுகும். லீவர் பூட்டுக்கும் பொருந்தும் இந்த முறையை முறியடிக்கக் கருதி ஜெரிமையா சப் என்பவர் 1818இல் அமைத்த பூட்டில், ஒரு லீவர் அளவுக்கு மேல் உயர்ந்துவிட்டால் அது அங்கேயே சிக்கிக்கொள்ளும். பிறகு உரிய சாவியும் முதலில் வேலை செய்யாதாகையால், யாரோ பூட்டில் கைவைத்திருக்கிறார்கள் என்பதை வீட்டார் அறிந்துகொள்வர். 1851இல் இலண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது அங்கு வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டு வல்லுநர், இந்தச் சிக்கல் பொறியையே தமக்கு வழிகாட்டியாக்கி, எந்த லீவர் எவ்வளவு உயர வேண்டும் என்பதை அறிந்து, 25 நிமிடத்தில் பூட்டைத் திறந்துவிட்டார். திறப்பவர்க்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு ஜோசப் பிராமாவின் நிறுவனம் அறுபது ஆண்டுக் காலமாகக் கடைச் சாளரத்தில் வைத்திருந்த மற்றொரு பூட்டு, அவரிடமிருந்து 16 நாட்களில் பகிர்ந்த 51 மணி நேர உழைப்பை வாங்கிக்கொண்ட பின்னரே திறந்தது. செய்தித்தாள்கள் இதைப் பிரிட்டிஷ் பூட்டுகளின் தோல்வியாகக் கண்டு பதைத்தன. உண்மையில் இரண்டாம் பூட்டு வென்றது என்றே சொல்ல வேண்டும், ஏனெனில் பிறர் வீட்டு வாசலில் 51 மணி நேரம் குனிந்து நிற்கக்கூடிய திருடன் எவனும் இல்லை.

ஆகவே பூட்டு விற்பது நேரத்தை. அந்த நேரத்தைக் கதவின் மற்ற உறுப்புகள் வீணாக்கிவிடக் கூடாது. ஏழு லீவர் பூட்டைத் தாங்கும் கொண்டி மெல்லிய தகடாக இருந்தால், அல்லது நாதாங்கி அரை அங்குலத் திருகாணிகளில் நின்றால், கடப்பாறையின் ஒரே நெம்பலில் பூட்டு பூட்டியபடியே கழன்று வந்துவிடும். தொங்குபூட்டுக்கு வேறொரு குறையும் உண்டு: வெளியே தொங்குவதால், வீட்டில் ஆளில்லை என்பதைத் தெருவுக்கே அது தெரிவிக்கிறது. கதவின் உள்ளே பதிக்கும் பூட்டில் இந்த அறிவிப்பு இல்லை. வெளியூர் செல்வோர் அருகிலுள்ள காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகுமாறு காவல்துறை கேட்டுக்கொள்வதும், பூட்டிய வீட்டில் திருடனுக்குக் கிடைக்கும் நேரத்தைக் குறைப்பதற்காகவே.

இத்தனை நுட்பமும், வீட்டார் தாமே கதவைத் திறந்துவிட்டால் பயனற்றுப் போகிறது. நகைக்கு மெருகேற்றித் தருவதாகச் சொல்லிப் பகல் வேளையில் படியேறி வருவோரின் வழி இது. முதலில் பித்தளை விளக்கையோ வெள்ளிக் கொலுசையோ பளபளவென்று துலக்கிக் காட்டி நம்பிக்கையைப் பெறுகிறார்கள். பிறகு தங்கச் சங்கிலி அவர்களிடமுள்ள ஒரு கரைசலில் முழுகுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று பங்கும் நைட்ரிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த இராஜ திராவகம், தனித்தனியே எந்த அமிலத்துக்கும் எளிதில் வசப்படாத தங்கத்தைக் கரைக்கவல்லது: நைட்ரிக் அமிலம் தங்க அணுவிலிருந்து எலக்ட்ரான்களைப் பறிக்க, குளோரைடு அயனிகள் அந்தத் தங்க அயனியைப் பற்றிக் கரைசலில் நிறுத்திக்கொள்கின்றன. மேற்பரப்பு கரைந்து சங்கிலி புதிதுபோல் மின்னும், எடை மட்டும் குறைந்திருக்கும். கரைந்த தங்கத்தைப் பின்னர் வேதிமுறையில் படியச்செய்து எடுத்துவிடலாம். இந்த வேதியியலுக்குக்கூடப் பொறுமையில்லாதவர்கள், நகையை மஞ்சள்நீரில் இட்டு மூடிவைத்திருப்பதாகவும் அரைமணி கழித்துத் திறக்குமாறும் கூறி, நகையோடு போய்விடுகிறார்கள்.

மின்வாரிய ஊழியர், எரிவாயு அடுப்பைச் சோதிப்பவர் எனச் சொல்லி வருவோரிலும் மெய்யானவர் பலர், பொய்யர் சிலர். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை இருவரையும் பிரித்துக் காட்டாது, அதை எந்த அச்சகத்திலும் அடித்துக்கொள்ளலாம். கதவில் பதித்த பார்வைக் குமிழும் உட்புறச் சங்கிலியும் இங்கே உதவுவது வலிமையால் அன்று. ஓங்கி உதைத்தால் அறுந்துவிடக்கூடிய சங்கிலியும், கதவை முழுவதும் திறக்காமல் பேசுவதற்கு இடம் தருகிறது. அந்த இடைவெளியில் வீட்டார், தம்மிடமுள்ள பழைய கட்டண ரசீதில் அச்சிட்ட அலுவலக எண்ணை அழைத்து, அன்று ஆள் அனுப்பப்பட்டிருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ள முடியும். வந்தவரே ஓர் எண்ணைக் கொடுத்து அதில் விசாரிக்கச் சொன்னால் அது பயன்படாது. மறுமுனையில் எடுப்பவர் அவருடைய கூட்டாளியாகவும் இருக்கலாம்.