ரோலர் கோஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு குழந்தைகள் வார்டு!

25 சென்ட் டிக்கெட். உள்ளே போனால் சிங்கமும் இல்லை, சர்க்கஸும் இல்லை. கண்ணாடிப் பெட்டிகளுக்குள் குறைமாதக் குழந்தைகள்!

இடம், நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரை. 1897-ல் ஜார்ஜ் டில்யூ என்பவர் இங்கே ஸ்டீபிள்சேஸ் பூங்காவைத் திறந்தார். தண்டவாளத்தில் ஓடும் மரக்குதிரைகளில் ஏறி ரேஸ் போகலாம். 1903-ல் வந்தது லூனா பார்க். பல வீடுகளில் கரன்ட்டே இல்லாத காலத்தில், அங்கே இரண்டரை லட்சம் மின்விளக்குகள்! மறுவருடமே போட்டிக்கு டிரீம்லேண்ட் முளைத்தது.

இந்த ஆரவாரத்துக்கு நடுவில்தான் மார்ட்டின் கூனி தன் இன்குபேட்டர்களை வைத்தார். அன்றைய அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் இந்தக் கருவி கிடையாது. எடை குறைந்து பிறந்த குழந்தை பிழைக்காது என்று கைவிட்டுவிடுவார்கள். கூனி பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. நர்ஸ்கள் சம்பளம், தாய்ப்பால் கொடுக்கும் பெண்கள், இரவு பகல் கவனிப்பு எல்லாமே வேடிக்கை பார்க்க வந்தவர்களின் டிக்கெட் காசில்தான் நடந்தது.

குழந்தைகளைக் காட்சிப்பொருள் ஆக்கலாமா என்று அப்போதே கண்டனம் எழுந்தது. நியாயமான கேள்விதான். போதாக்குறைக்கு, கூனி மருத்துவப் பட்டம் வாங்கியதற்கு இதுவரை ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் கைவிடப்பட்ட குழந்தையோடு நின்ற பெற்றோருக்கு வேறு வழி?

1911 மே 27 அதிகாலை. டிரீம்லேண்டின் 'ஹெல் கேட்' சவாரியில் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, கொதிக்கும் தார் கொட்டித் தீப்பிடித்தது. பூங்கா மொத்தமும் சாம்பல். இன்குபேட்டர் குழந்தைகள் மட்டும் பத்திரமாக வெளியே தூக்கி வரப்பட்டார்கள். டிரீம்லேண்ட் மறுபடி எழவே இல்லை.

கூனி லூனா பார்க்கில் தொடர்ந்தார். நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு வந்த 1943-ல்தான் கடையைக் கட்டினார். சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேர் பிழைத்தார்கள் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டு லூனா பார்க்கும் தீக்கிரையானது. ஸ்டீபிள்சேஸ் 1964-ல் மூடப்பட்டது. 1920-ல் வந்த ராட்சத ராட்டினம் வொண்டர் வீலும், 1927-ல் வந்த சைக்ளோன் ரோலர் கோஸ்டரும் இன்றைக்கும் அங்கே ஓடுகின்றன.

1920-ல் ஒரு கிலோகூட இல்லாமல் பிறந்த பெண் குழந்தையை, அதன் அப்பா டாக்ஸி பிடித்து கோனி ஐலண்டுக்குக் கொண்டுவந்தார். அவள் வளர்ந்த பிறகு கூனியைத் தேடி வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். அப்போது ஓர் இன்குபேட்டர் முன்னால் கவலையோடு நின்றிருந்த இளம் தந்தையின் தோளைத் தட்டி, கூனி அவளைக் காட்டினார். அந்தப் பெண் 96 வயது வரை வாழ்ந்தார்.