தாம்பரமும் அதனைச் சூழ்ந்த ஏரிகளும்

ஒரு மாநகரத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் அதன் நடுவிடத்தை மட்டுமே கண்டு மீள்வர். சென்னைக்கு வருவோரும் கோட்டை, கடற்கரை, காட்சிச்சாலை என்னும் மூன்றோடு மனநிறைவு கொள்கின்றனர். ஆயினும், அந்நகரம் எந்நிலத்தின்மீது நிற்கின்றது, அதன் மழைநீர் எவ்வழி வந்து எவ்வழிச் செல்கின்றது, அதற்குக் கல்லும் காற்றும் தந்தவை எவ்வூர்கள் என அறிய விரும்புவோர் அதன் புறநகர்களையே நாடுதல் வேண்டும். அத்தகையதொரு புறநகராகிய தாம்பரத்தையும் அதனையடுத்த சிற்றூர்களையும் பற்றி இக்கட்டுரையிற் சில கூறக் கருதுகின்றோம்.

சென்னைக் கடற்கரை நிலையத்தினின்றும் இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 18 மைல் தொலைவிலுள்ளது தாம்பரம். அதனை அமைதி வாய்ந்த இடம் என்று யாம் கூறின், அதன் ரயில் நிலையத்தில் மாலை ஆறு மணிக்கு இறங்கியோர் நகைப்பர். அந்நகைப்பு நியாயமானதே. பெருஞ்சாலையிலும் நிலையத்திலும் அமைதியென்பது பெயரளவிலும் இல்லை. 2021-ஆம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளும் அவற்றோடு ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தனியொரு மாநகராட்சியே ஆகிவிட்டன. ஆயினும் பெருஞ்சாலையை விட்டுக் கிழக்கேனும் மேற்கேனும் ஒரு மைல் நடப்பின், வேறொரு நாட்டைக் காண்போம். கரிய பாறைக் குன்றுகளும், முட்புதர்க் காடும், கோயிற் குளமும், நாரையும் கொக்கும் நிற்கும் ஏரிகளும் இன்னும் அங்குள்ளன. யாம் கூறப்புகுந்தது இந்நாட்டையே.

முதலிற் கல்லைப் பற்றிச் சிறிது கூறுவோம். பல்லாவரத்துக் குன்றுகளின் கருங்கல் மிக்க உறுதியுடையது. சென்னையின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் இக்குன்றுகள் நெடுங்காலம் தம் உடலையே வெட்டித் தந்தன. வங்காளத்துக் கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேயருடைய கல்லறையின்மேல் உள்ள கல்லும் இவ்வினத்ததே. பூகர்ப்ப சாஸ்திரியாகிய ஹாலந்து என்பார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதனை ஆராய்ந்து, அக்கல்லறைக்கு உரியவர் பெயரால் 'சார்னாகைட்' எனப் பெயரிட்டார். இன்று உலகமெங்கும் இவ்வினக் கற்பாறைக்கு அப்பெயரே வழங்குகின்றது. பல்லாவரத்தான் ஒருவன் தன் வீட்டுக் கொல்லையிற் கிடக்கும் கல்லின் பெயர் கல்கத்தாவிற் பிறந்ததென்று கேட்பின் வியப்பான்!

இக்கல்லைக் குடைந்து கோயில் செய்தவன் பல்லவ வேந்தனாகிய முதல் மகேந்திரவர்மன். அவனுடைய விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்ட குடைவரை பல்லாவரத்துக் குன்றின் அடியில் இன்றும் உள்ளது. அது பிற்காலத்தில் முஸ்லிம் அன்பர்கள் வழிபடும் தர்காவாயிற்று. இவற்றினும் மிகப் பழையதொன்று இவ்வூரிற் கிடைத்தது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், இராபர்ட் புரூஸ் பூட் என்னும் பூகர்ப்ப ஆராய்ச்சியாளர் பல்லாவரத்துச் சரளைக் குழி ஒன்றிற் கையால் செதுக்கப்பெற்ற கற்கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவிற் பழைய கற்கால மாந்தர் வாழ்ந்தனர் என்பதற்கு முதற் சான்றாக நின்றது அக்கல்லே. 1802-ஆம் ஆண்டில் லாம்டன் என்பார் நாடு முழுவதையும் அளக்கும் பெருவேலைக்கு அடிக்கோடு இட்டதும் இப்பக்கத்திலேயே. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக் குன்றுக்கும் இடையே ஏழரை மைல் நிலத்தைச் சங்கிலி கொண்டு அளந்தார் அவர். கற்குன்றுகள் இருந்தமையாலன்றோ தொலைவிலுள்ளதைக் குறிபார்க்க இயன்றது!

இனி, இந்நிலத்திற்கு மக்கள் வந்த வரலாறு. 1931-ஆம் ஆண்டிற் சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிற்று. மீட்டர் அகலப் பாதையில் ஓடிய அவ்வண்டிகள் 2004-ஆம் ஆண்டு வரை ஓடி ஓய்ந்தன. நகரில் வேலை செய்வோன் ஊர்ப்புறத்தில் உறங்கலாம் என்னும் நிலை அவ்வண்டியால் உண்டாயிற்று. குரோம்பேட்டை என்னும் பெயரும் இத்தகைய புதுவாழ்வின் அடையாளமே. குரோம் முறையில் தோல் பதனிடுவதற்கென அமைந்த கம்பெனி ஒன்றின் பெயரே அவ்வூருக்கு ஆயிற்று.

அக்காலத்தார் இவ்விடத்திற்கு வந்ததன் நோக்கம் இரண்டு நிறுவனங்களால் நன்கு விளங்கும். ஒன்று, க்ஷயரோக சானடோரியம். டேவிட் சவுரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர் இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளிடையே ஒரு சானடோரியம் நடத்தியவர். கணிதமேதை இராமானுஜன் நோயுற்றபோது சிலகாலம் அங்கே தங்கியிருந்தார். அம்மருத்துவர் தாயகம் மீண்டு, 1928-ஆம் ஆண்டில் தாம்பரத்தில் தம் சானடோரியத்தை நிறுவினார். க்ஷயரோகத்தைக் கொல்லும் மருந்து எதுவும் அந்நாளில் இல்லை. நல்ல காற்று, வெயில், உணவு, ஓய்வு என்னும் இவையே மருந்து. ஆதலின், புகையும் நெருக்கமும் இல்லாத உலர்ந்த மேட்டுநிலம் வேண்டியிருந்தது. 1937-ஆம் ஆண்டில் அரசினர் அதனை ஏற்றனர். இன்றும் அது நெஞ்சகநோய் மருத்துவமனையாக நின்று பணியாற்றுகின்றது. ரயில் நிலையம் ஒன்றுக்கே 'சானடோரியம்' எனப் பெயர் அமைந்தது காண்க.

மற்றொன்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. நூறாண்டை நெருங்கிய அக்கல்லூரி, நகரின் கடைத்தெருக்களுக்கு நடுவில் இடமின்றி நெருக்குண்டு, 1937-ஆம் ஆண்டிற் சேலையூர்க் காட்டையொட்டிய 350 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்திற்குக் குடிபெயர்ந்தது. முட்புதர் மண்டிய அந்நிலத்தில் இரசாயனப் பேராசிரியர் பார்ன்ஸ் என்பாரும் அவர் மனைவியாரும் மரங்களைத் தேடித் தேடி நட்டனர். புள்ளிமான்கள் திரியும் சோலையாக அது இன்றும் விளங்குகின்றது. நோயாளிக்கும் மாணாக்கனுக்கும் ஒரே மண் ஏற்றதாயிற்று என்பதை எண்ணுந்தோறும் எமக்கு ஒரு முறுவல் தோன்றுகின்றது.

கல், ரயில், காற்று என்பவற்றைக் கூறினோம். ஆயினும் இந்நிலத்தின் உயிர்நாடி நீரே. அதனை நன்கு விளக்கவே இத்துணையும் எழுதலாயினோம்.

தாம்பரத்தின் பெருஞ்சாலையும் இருப்புப்பாதையும் பெரும்பாலும் ஒரு மேட்டின்மேல் ஓடுகின்றன. அம்மேட்டிற்கு மேற்கே பெய்யும் மழை அடையாற்றை நோக்கிச் செல்லும். கிழக்கே பெய்யும் மழை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்லும். ஒரே மேகத்தின் நீர் ஒரு தெருவின் இருபுறமும் வீழ்ந்து வெவ்வேறு வழியே கடலை அடைகின்றது. நிலையத்தின் மேம்பாலத்தில் நிற்கும் ஆயிரவரில் இதனை அறிந்தோர் எத்தனைபேர்?

கிழக்குப் பக்கத்தை முதலிற் பார்ப்போம். சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என ஊர்தோறும் ஓர் ஏரி உண்டு. இவை தனித்தனி ஏரிகள் அல்ல. மேலுள்ளது நிறைந்தால் அதன் மிகுநீர் கலங்கல் வழியே வழிந்து, கால்வாயில் ஓடி, கீழுள்ளதை நிரப்பும். இங்ஙனம் ஏரியினின்று ஏரிக்கு இறங்கி, ஈற்றிற் பள்ளிக்கரணையை அடையும். மதகு என்பது வேறு, கலங்கல் என்பது வேறு. மதகு வயலுக்கு வேண்டும்போது நீர் விடுவதற்கு. கலங்கல் கரை உடையாமல் மிகையை வெளியேற்றுவதற்கு. ஏரி கட்டிய முன்னோர் இவ்விரண்டையும் ஒன்றோடொன்று மயங்காமல் அமைத்தனர். பள்ளிக்கரணையோ மழைக்காலத்து நீரைக் கடற்பஞ்சு போல் உறிஞ்சி வைத்து, மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது. ஒருகாலத்தில் இன்றுள்ளதினும் பன்மடங்கு பரந்து கிடந்த அச்சதுப்புநிலம், குப்பைமேட்டிற்கும் கட்டடங்களுக்கும் இரையாகிச் சுருங்கி, 2022-ஆம் ஆண்டிலேதான் ராம்சர் உடன்படிக்கைப் பட்டியலில் இடம்பெற்றது.

வயல்கள் வீட்டுமனைகளான பின்பு இவ்வேரிகளுக்கு நேர்ந்ததை நம் மாணவர் கூர்ந்து நோக்குதல் வேண்டும். பாய்ச்சுவதற்கு வயல் இல்லையாயின் மதகைத் திறப்பார் இல்லை. பயிருக்கு நீர் விட்டு, கோடையில் வற்றி, அடுத்த மழைக்கு இடங்கொடுத்து நின்ற ஏரி, இப்போது வீடுகளின் கழிவுநீரால் ஆண்டு முழுதும் நிறைந்து நிற்கின்றது. நிறைந்த குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் அது எங்கே செல்லும்? ஐப்பசி மழை வந்தவுடனே கலங்கல் வழிகின்றது. கலங்கலிலிருந்து செல்லும் கால்வாயோ சுருங்கியிருக்கும், அன்றி அதன்மேல் ஒரு தெருவே இருக்கும். பல்லாவரத்துப் பெரிய ஏரியின் நடுவே துரைப்பாக்கத்துச் சாலை ஓடுவதை ஏறிப் பார்த்தோர் அறிவர். வறட்சியும் வெள்ளமும் ஓரிடத்தே மாறிமாறி வருவதன் காரணத்தை யாம் இதிற் காண்கின்றோம்.

மேற்குப் பக்கத்தின் கதை இன்னும் கடியது. ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் மிகுநீரே ஒன்றுகூடி அடையாறு ஆகின்றது. கோடையிற் பார்ப்போர் அதனை ஆறென்று ஒப்பார். ஓர் ஓடை என்பர். அவ்வாறு கருதியே அதன் கரையில் முடிச்சூர், வரதராஜபுரம் என்னும் ஊர்களில் வீடுகள் பெருகின. வாழ்நாள் முழுதும் சேர்த்த பொருளைக் கொண்டு சிறு வீடு கட்டியோரே அவருட் பெரும்பாலார். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலையோடு முடிந்த ஒரு பகலிரவிலே தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், அதாவது 19 அங்குலத்திற்கு மேல், மழை பெய்தது. ஆறு தன் பழைய அகலத்தைத் தானே மீட்டுக்கொண்டது. வீடுகளின் முதல் மாடிக்குப் படகில் வந்து மக்களை மீட்க வேண்டியதாயிற்று. அதன்பின் ஆற்றை அகலப்படுத்தும் வேலைகளும் மூடுகால்வாய் வேலைகளும் நடந்தன. ஆயினும் மழைக்காலந்தோறும் முடிச்சூரார் வானத்தையும் ஆற்றையும் மாறிமாறி நோக்குதல் நின்றபாடில்லை.

இவ்வாற்றோரத்திலேதான் திருநீர்மலை உள்ளது. திருமங்கையாழ்வார் தரிசனத்திற்கு வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால், அது வடியும்வரை ஆறு திங்கள் காத்திருந்தார் என்பது தலவரலாறு. கதையென்று இதனைத் தள்ளுவோரும், செம்பரம்பாக்கத்து ஏரியின் மிகுநீர் வந்து அடையாற்றிற் கலக்குமிடம் இம்மலைக்கு அண்மையிலேயே என்பதை நினைவிற்கொள்க. இத்தலம் நீரால் பெயர் பெற்றது. அதன் பெயரை நாள்தோறும் கூறியும் அதன் பொருளைக் கேளாது வீடு கட்டினோம்.

கைகட்டி நின்றாரே அனைவரும் என்று கூறுதலும் பொருந்தாது. 2019-ஆம் ஆண்டுக் கோடையிற் சென்னை நகரம் குடிநீரின்றித் தவித்தபோது, சிட்லபாக்கத்து மக்கள் ஆடவரும் பெண்டிரும் விடுமுறை நாட்களில் மண்வெட்டியும் கூடையுமாக வற்றிய ஏரியில் இறங்கிக் குப்பையை அகற்றினர். உத்தியோகஸ்தர்களும் மாணவர்களும் பாட்டிமாரும் அவருள் இருந்தனர். பின்பு அரசினரும் பொருள் ஒதுக்கி அவ்வேரியைச் சீர்செய்ய முன்வந்தனர். கழிவுநீர் வருவதைத் தடுக்கும் வேலையே இதிற் கடினமானது. தூர் வாருதல் சில திங்களில் முடியும். சாக்கடையைத் திருப்புதலோ தெருத்தெருவாக நடக்கவேண்டிய வேலை.

இவற்றைக் கண்ணாற் காண விரும்பும் நண்பர்களுக்கு ஒரு வழி கூறுவோம். மழை விட்ட மார்கழி அல்லது தை மாதத்து விடியற்காலை ஏற்றது. கிழக்குத் தாம்பரத்திற் புறப்பட்டு, சேலையூர் ஏரிக்கரையேறி, அதன் கலங்கல் எங்குளது எனத் தேடுக. வழியில் எதிர்ப்படும் முதியவர்களைக் கேட்பின் அவர்கள் மகிழ்ந்து காட்டுவர். "இந்தத் தெரு முழுதும் கழனிதான் தம்பி" என்று தொடங்கி அரைமணி நேரம் பேசுவோரும் உண்டு; அவ்வரைமணி வீணன்று. பின்னர் மாடம்பாக்கத்திற்குச் சென்று, தேனுபுரீசுவரர் கோயிலைக் காண்க. யானை படுத்திருந்தாற்போற் பின்புறம் வளைந்த தூங்கானை மாட விமானம் சோழர்காலத்து வேலை. அவ்வூர் ஏரியும் பெரியது. அங்கிருந்து வடகிழக்கே நன்மங்கலத்துக் காப்புக்காடு உள்ளது. கல்வெட்டிக் கைவிட்ட பழங்குழிகளில் மழைநீர் தங்கி, அவற்றின் பாறை இடுக்குகளிற் கொம்பன் ஆந்தை வாழ்கின்றது. நகரத்திற்குக் கல் கொடுத்த புண்ணே பறவைக்கு வீடாயிற்று. காட்டினுட் செல்லுதற்கு வன இலாகாவின் அனுமதி வேண்டும்.

நடக்க இயலாதோர் திருநீர்மலைப் படிகளை மட்டும் ஏறினாற் போதும். மேலிருந்து மேற்கே நோக்கின் அடையாறு வளைந்து வருவதும், வடகிழக்கே மீனம்பாக்கத்து விமானங்கள் இறங்குவதும், தெற்கே வண்டலூர்க் குன்றுகளும் ஒருங்கே தோன்றும். இடையே வெள்ளிக்காசுகள் சிதறியதுபோற் காணப்படுவன ஏரிகள். அவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லதொரு பொழுதுபோக்கு. சென்ற தை மாதத்தில் எம்முடன் வந்த மாணவர் இருவருக்கும் கணக்கு ஒத்துவரவில்லை.