ரோடு அகலமாச்சு... நிழல் போச்சு! புளியமரத்தை வெட்ட யார் அனுமதி தரணும்?

விருதுநகர்: கந்தக பூமி என்று பேர் வாங்கிய மாவட்டம் இது. வருஷத்துக்கு சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் தார் ரோட்டில் வெறுங்காலை வைக்க முடியாது. இங்கே நடந்து போகிறவனுக்கும், பஸ்சுக்குக் காத்து நிற்பவனுக்கும் குடையாக இருந்தது ரோட்டோரப் புளியமரம்தான். ரோட்டை அகலப்படுத்தும்போதெல்லாம் முதலில் சாய்வதும் அதுதான்.

மதுரையில் இருந்து விருதுநகர், சாத்தூர் வழியாக நெல்லை போகும் நெடுஞ்சாலை 2000-களில் நான்கு வழிச்சாலை ஆனது. அப்போது அதன் எண் 7. இப்போது 44. இந்த வழியில் மரம் வைத்தது ராணி மங்கம்மாள் என்று பெரிசுகள் இன்றும் சொல்வார்கள். அவர் மதுரையை ஆண்டது 1689 முதல் 1706 வரை. மாட்டு வண்டிக்கு ஏற்ற நெருக்கத்தில் நின்ற மரங்களுக்கு நான்கு வழிச்சாலையில் இடம் ஏது? வெட்டினார்கள். ராஜபாளையம் வழியாகச் செல்லும் திருமங்கலம்-கொல்லம் சாலையை அகலப்படுத்தும் வேலை 2020-களில் தொடங்கியபோது, அங்கும் ரோட்டோர மரங்களுக்கு இதே கதிதான்.

புளியை ஏன் வைத்தார்கள்? வேர் ஆழமாக இறங்கும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். நூறு வருஷம் தாண்டியும் நிற்கும். வருமானமும் உண்டு. மரத்துக்கு நம்பர் போட்டு, மகசூலை ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் ஆள் விட்டு உலுக்குவார். பொறுக்கவும், ஓடு தட்டவும், கொட்டை எடுக்கவும் பெண்களுக்கு வேலை கிடைக்கும். மரம் போனால் அந்தக் கூலியும் போச்சு.

பதிலுக்கு நான்கு வழிச்சாலையின் நடுவில் வைப்பது அரளி. எதிரே வரும் வண்டியின் லைட் கண்ணைக் கூசாமல் இருக்க அது உதவும், சரி. ஆனால் அரளி நிழலில் ஆடு கூடப் படுக்காது!

பட்டாசுத் தொழிலாளிக்கு நிழல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஆய்வுக்குப் போகும் அதிகாரிகளே சாட்சி. மரத்தடியில் வைத்து பட்டாசு செய்வது அவர்கள் அடிக்கடி பிடிக்கும் விதிமீறல். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு வைத்திருப்பதே, ஒரு அறை வெடித்தால் அடுத்த அறைக்குத் தாவாமல் இருக்கத்தான். மரத்தடியில் அந்தத் தடுப்பு கிடையாது. நிழலில் சோறு சாப்பிடலாம், மருந்து வேலை கூடவே கூடாது.

சரி, மரத்தை யார் வேண்டுமானாலும் வெட்டிட முடியுமா? முடியாது. பொது இடத்து மரங்களுக்காக தமிழக அரசு 2021-ல் மாவட்டம்தோறும் பசுமைக் குழு அமைத்தது. தலைவர் கலெக்டர். ரோடு போடும் துறை இந்தக் குழுவிடம் மனு கொடுக்க வேண்டும். மரத்தை விட்டுவிட்டு ரோட்டை வளைக்க முடியுமா, வேரோடு பெயர்த்து வேறு இடத்தில் வைக்க முடியுமா என்றெல்லாம் பார்த்த பிறகுதான் வெட்ட அனுமதி. ஆல், அரசு என்றால் பெயர்த்து நட்டாலும் துளிர்க்கும். வயசான புளி லேசில் பிழைக்காது.

வெட்டும் ஒரு மரத்துக்குப் பத்து கன்று நட வேண்டும் என்பது நிபந்தனை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விதையில் முளைத்த புளி காய்க்கவே எட்டு, பத்து வருஷம் ஆகும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கொண்டுவந்த பி.கே.எம்.1 ஒட்டுக்கன்று மூன்று, நான்கு வருஷத்தில் காய்க்கும். ஆனாலும் பஸ் ஸ்டாப்பை மூடும் அளவுக்கு நிழல் வர ஒரு தலைமுறை ஆகும். அதுவும் கரிசல் மண்ணில் முதல் இரண்டு கோடையைத் தாண்டினால்தான். டேங்கர் லாரி வராத ரோட்டில் கம்பி வலைக்கூண்டு மட்டும் நிற்கும், கன்று இருக்காது.

உங்க ஊர் ரோட்டில் மரம் வெட்ட கோடாலியோடு ஆள் வந்தால், பசுமைக் குழு அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதிப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். வெட்டிய மரம் எத்தனை, நட்ட கன்று எத்தனை, எந்த இடத்தில், அதில் இன்றைக்கு உயிரோடு இருப்பது எத்தனை என்று நான்கையும் சேர்த்தே கேளுங்கள். பல ஊர்களில் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை.