கங்கை அன்னையின் குளிர்கால வீடு

தீபாவளி விடியலில் எண்ணெய் நீராட்டு முடிந்ததும் நாம் ஒருவரையொருவர் விசாரிப்பது, "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்றுதான். அன்று வீட்டு வெந்நீரிலேயே கங்கை எழுந்தருளுகிறாள் என்பது நம் பெரியோர் நம்பிக்கை. நாம் இவ்வாறு விசாரித்துக்கொண்டிருக்கும் நாட்களில், இமயத்திலே கங்கை அன்னை வீடு மாறுவதற்கு ஆயத்தமாகிக்கொண்டிருக்கிறாள் என்பதை அன்பர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள்.

தீபாவளியை அடுத்து வரும் அன்னகூடத் திருநாளில் கங்கோத்ரி ஆலயத்தின் நடை சாத்தப்படுகிறது. 10,000 அடிக்கு மேல் உயரத்தில் உள்ள அத்தலம் விரைவில் பனியில் மூழ்கிவிடும். ஆகவே அன்னையின் உற்சவத் திருமேனியைப் பல்லக்கில் எழுந்தருளச் செய்து, மேளதாளத்துடன் மலைப்பாதையில் கீழே அழைத்து வருகிறார்கள். வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் அன்னை வந்து சேரும் ஊர் முக்பா. உத்தரகாசி மாவட்டத்தில், ஹர்சிலுக்கு அருகே, பாகீரதியின் கரைக்கு மேலே சரிவில் அமைந்த சிற்றூர் அது. கங்கோத்ரியில் வழிவழியாகப் பூஜை செய்யும் செம்வால் குலத்தார் வாழும் ஊர். அட்சய திருதியையன்று கங்கோத்ரியில் மீண்டும் நடை திறக்கும் வரை, ஏறத்தாழ ஆறு மாதங்கள் அன்னைக்கு இதுவே தாய்வீடு. திருக்கடவூரில் நாம் வணங்கும் மார்க்கண்டேயர் தவமியற்றியதாகச் சொல்லப்படும் இடமும் இவ்வூரை ஒட்டியே இருக்கிறது.

அவ்வூரின் குளிர்காலத்தில் ஒன்பது நாட்கள் வாழும் பேறு, நான் வேண்டாமலே எனக்குக் கிடைத்தது.

கடன் பார்க்கப் போன இடத்தில்

1980களின் இறுதி. வங்கியில் அதிகாரியாகப் பதவி உயர்வு பெற்ற என்னை உத்தரகாசிக்கு மாற்றினார்கள். அப்பகுதி அன்று உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்திருந்தது. தந்தையார் காலமாகிவிட்டார். கும்பகோணத்தை அடுத்த கிராமத்து வீட்டில் என் தாயார் தனியே இருந்தார். மாதம் பிறந்தால் மணியார்டர் அனுப்பிவிடுவேன். அத்துடன் மகனின் கடமை முடிந்தது என்றே எண்ணியிருந்தேன்.

ஜனவரி மாதம், கடன் பெற்று வாங்கிய கறவை மாடுகளைப் பார்வையிட முக்பாவுக்குச் சென்றேன். ஹர்சில் வரை ஜீப், அதன்பின் நடை. மாட்டின் காதில் பொருத்திய தகட்டின் எண்ணைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுவிட்டு அன்று மாலையே திரும்புவதாகத் திட்டம். பிற்பகலில் வானம் சாம்பல் நிறமாயிற்று. கடன் பெற்ற வீட்டார், "இன்று இறங்காதீர்கள்" என்று தடுத்துவிட்டார்கள்.

நம் ஊர் மழை இடியும் மின்னலுமாகத் தன் வரவை அறிவித்துவிட்டு வரும். பனிப்பொழிவு அப்படியன்று. சிறு ஓசையும் இல்லை. காலையில் கதவைத் திறந்தால் முழங்காலுக்கு மேல் வெண்மை. வேலியும் இல்லை, பாதையும் இல்லை. கீழே பாகீரதி மட்டும் வெள்ளைத் துணியில் இழுத்த கறுப்புக் கோடு போல ஓடிக்கொண்டிருந்தாள். சாலை மூடிவிட்டது, செய்தி அனுப்ப வழியில்லை.

அங்குள்ள பழைய வீடுகள் தேவதாரு மரத்தாலும் கல்லாலும் ஆனவை. கீழ்த்தளத்தில் மாடுகள், மேல்தளத்தில் மனிதர்கள். கால்நடைகளின் உடற்சூடு பலகைத் தளத்தின் வழியே மேலேறி வீட்டைக் காக்கிறது. நான் தணிக்கை செய்ய வந்த பசுவே, ஒன்பது இரவுகள் எனக்குக் கணப்பாயிற்று! இதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

குடிநீர்க் குழாய் உறைந்துவிட்டது. பனியை அள்ளிவந்து அடுப்பில் உருக்கினால்தான் நீர். ஒரு குடம் பனிக்குச் சிறிதளவே நீர் கிடைக்கும் என்பதை அங்குதான் அறிந்தேன். ராஜ்மாவும், உருளைக்கிழங்கும், கேழ்வரகு ரொட்டியும், கோடையிலேயே உலர்த்தி வைத்த கீரையும் உணவு. பகலில் ஆண்களும் பெண்களும் அடுப்பைச் சுற்றி அமர்ந்து தக்ளியில் ஆட்டுரோமம் நூற்றார்கள். ஆனால், விடிந்ததும் அவர்கள் செய்த முதல் வேலை வேறு. தம் வீட்டு வாயிலைக் கூடச் சரியாக ஒதுக்காமல், மண்வெட்டியுடன் சென்று கோயிலுக்குப் போகும் பாதையிலிருந்து பனியை அள்ளினார்கள். பகலில் மீண்டும் கொட்டினால், மீண்டும் அள்ளினார்கள். காலையும் மாலையும் ஒரு வேளையும் தவறாமல் அன்னைக்கு ஆரத்தி நடந்தது. தரிசிக்க வெளியூரார் எவருமில்லை. அந்த மணியோசையை ஊரும் மலையும் மட்டுமே கேட்டன.

"தாயை விட்டுவிட்டா?"

பள்ளத்தாக்கில் எல்லோரும் இவ்வாறு தங்குவதில்லை. அருகிலுள்ள பகோரி கிராமத்தார் பனிக்கு முன்பே ஆடுகளுடன் தாழ்வான டுண்டாவுக்கு இறங்கிவிடுவர். முக்பாவிலும் சிலர் உத்தரகாசிக்குச் சென்றுவிடுவதுண்டு. நான் தங்கிய வீட்டிலோ எழுபதைக் கடந்த ஒரு மூதாட்டியார் இருந்தார். மூத்த மகன் உத்தரகாசியில் வேலையில் இருந்தான். ஒவ்வோர் ஆண்டும் அழைக்கிறானாம். அவர் போவதில்லை.

இந்தி பிரசார சபைத் தேர்வுகளில் கற்ற இந்தியில் நான் கேட்டேன்: "மாதாஜி, இந்தக் குளிரில் ஏன் துன்பப்படுகிறீர்கள்? மகனிடம் போய் இருக்கலாமே?"

நூற்பதை நிறுத்தாமல் அவர் சொன்னார்: "கோடையில் கங்கா மாதா உலகத்துக்கெல்லாம் தாய். அப்போது எங்களுக்கு அவளருகே நிற்கக்கூட இடம் கிடைக்காது. குளிர்காலத்தில்தான் அவள் எங்கள் வீட்டுக்கு வருகிறாள். வந்திருக்கும் தாயைத் தனியே விட்டுவிட்டு எவராவது வீட்டைப் பூட்டிக்கொண்டு போவார்களா, பேட்டா?"

பிறகு இயல்பாகக் கேட்டார்: "உன் தாய் யாருடன் இருக்கிறாள்?"

நான் பதில் சொல்லவில்லை. அடுப்பில் விறகைத் தள்ளுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அதற்கு மறுநாள் மகர சங்கராந்தி. நமக்குப் பொங்கல். கார்வால் மக்களுக்கு அது கிச்சடித் திருநாள். உளுந்தும் அரிசியும் சேர்த்துக் குழைய வேகவைத்து, அம்மூதாட்டியார் தம் கையால் நெய் வார்த்துக் கொடுத்தார். முதல் கவளத்திலேயே எங்கள் வீட்டு முற்றமும், தனியே பானை வைத்துக்கொண்டிருக்கும் என் தாயாரும் கண்முன் நின்றார்கள். பால் பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று உடன் சொல்ல அங்கே ஒரு குரல் இராதே என்று நினைத்தேன். உண்ண முடியவில்லை.

பாதை திறந்து உத்தரகாசி திரும்பியதும், அலுவலக அறிக்கைக்கு முன்பாக அம்மாவுக்குக் கடிதம் எழுதினேன். கோடையில் நேரில் சென்று அழைத்துவந்தேன். அடுத்த குளிர்காலம் முழுவதும் அவர் உத்தரகாசியில் என்னுடன் இருந்தார். குளிரைத் திட்டிக்கொண்டே நாள்தோறும் பாகீரதியைத் தரிசித்தார். அதன்பின் அவர் வாழ்ந்த பதினோர் ஆண்டுகளும் என் இல்லத்திலேயே கழிந்தன. என் சேமிப்புகளில் வட்டி குறையாதது அது ஒன்றே.

இன்று செல்வோருக்கு

இப்போது முக்பாவுக்கு வாகனம் செல்கிறது. குளிர்கால யாத்திரையை உத்தரகாண்ட் அரசும் ஊக்குவிக்கிறது. 2025 மார்ச்சில் பாரதப் பிரதமர் அங்கு வழிபட்டார். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று எதிர்க்கரைத் தராலியை வெள்ளமும் சேறும் விழுங்கிய துயரத்தையும் மறப்பதற்கில்லை. அங்கு உயிர்நீத்தோருக்காகவும் பிரார்த்திப்போம். செல்ல விரும்பும் முதியோர் மருத்துவரைக் கலந்து, சாலை நிலவரம் அறிந்து, துணையுடன் செல்வது நலம். உத்தரகாசியில் ஓரிரு நாட்கள் தங்கி, உடல் உயரத்துக்குப் பழகிய பின் மேலே ஏறுங்கள்.

போக இயலாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. வரும் தீபாவளியன்று "கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்று யாரேனும் கேட்கும்போது, பல்லக்கில் முக்பாவுக்கு இறங்கிவரும் அன்னையை ஒரு கணம் நினையுங்கள். அப்படியே, உங்கள் தெருவில் தனியே தீபாவளி கொண்டாடும் பெரியவர் எவரேனும் இருந்தால், அவர் வீட்டுக் கதவையும் தட்டி அதே கேள்வியைக் கேட்டுவிட்டு வாருங்கள். அன்னையின் கோயிலுக்குப் பனி ஒதுக்கிய புண்ணியம் நமக்கும் கிட்டும்.