ஆறாத நீர்க்கடுப்பு

புனித அந்தோனியார் ஆலயத்தால் நாடறிந்த வஹகோட்டை மாத்தளை மாவட்டத்தின் வறண்ட வடபகுதியில் இருப்பதால், அங்கு இளைஞர் ஒருவருக்கு நீர்க்கடுப்பு வந்தால் அதை உடற்சூடு என்றோ தண்ணீர் போதாமை என்றோ கொள்வது இயல்பே. பெரும்பாலும் அக்கணிப்புச் சரியாகவும் இருக்கும்; ஆயினும், மருந்துக்குச் சற்றே அடங்கி மீண்டும் தலைதூக்கி வாரக்கணக்கில் நீளும் கடுப்பு, சிறுநீர்த்தொகுதிக் காசநோயாகவும் இருக்கக்கூடும்.

காசநோய்க் கிருமி நுரையீரல் வழியே உடலுக்குள் நுழைந்து, இரத்தத்தோடு சிறுநீரகத்தை அடைந்து, அங்கே பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்த பின்னரே பெருகத் தொடங்குவதால், இந்நோய் சிறுவரிடம் அரிதாகவும் இருபது வயதைக் கடந்தோரிடம் கூடுதலாகவும் காணப்படுகிறது. அதற்குள் நுரையீரல் புண் ஆறிவிடுவதால் இருமலும் சளியும் இராமற்போகலாம். மார்பு எக்ஸ்ரேயும் தெளிவாகவே இருக்கலாம். நோய் பிடிபடாமல் நழுவுவதற்கு இதுவே தலையாய காரணம்.

அடிக்கடி, குறிப்பாக இரவில், சிறுநீர் கழிக்க எழுதல், வலியின்றி இரத்தம் கலத்தல், விலாப்புற வலி, ஆண்களுக்கு விதையின் பின்புறம் கட்டியான வீக்கம் ஆகியன ஐயத்தை எழுப்ப வேண்டிய அறிகுறிகள். காய்ச்சலும் மெலிவும் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. எல்லாவற்றினும் பெரிய துப்பு ஆய்வுகூட அறிக்கையிலேயே கிடைக்கிறது: சிறுநீரில் சீழ்க்கலங்கள் நிறைந்திருந்தும் வழமையான கிருமி வளர்ப்புப் பரிசோதனையில் எதுவும் முளைக்காத நிலை அது. கல்லடைப்பும் பாலியல் தொற்றும் அரைகுறையாக உண்ட மருந்தும்கூட அந்நிலையைத் தோற்றுவிக்கலாம் என்றாலும், காரணம் தேடாமல் அதே மாத்திரையை மூன்றாம் முறையாக எழுதுவது வைத்தியமன்று. அதிலும், லீவோஃப்ளொக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு ஒடுக்குவதால் நோயை மறைத்துவிடும்.

கிருமி சிறுநீரில் விட்டுவிட்டே வெளியேறுவதால், தொடர்ந்து 3 முதல் 5 நாட்கள் அதிகாலைச் சிறுநீர் சோதிக்கப்படுகிறது. வளர்ப்புச் சோதனை முடிய 6 முதல் 8 வாரங்கள் ஆகலாம். ஜீன்எக்ஸ்பேர்ட் கருவியோ சில மணி நேரத்தில் விடை தருகிறது. தாமதித்தால் சிறுநீர்க்குழாய் தழும்பேறிக் குறுகி, சிறுநீரகமே செயலிழக்கலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால், பொதுவாக 6 மாத மாத்திரைகளால் நோய் குணமாகும். அவற்றுள் ரிபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவதைக் கண்டு இரத்தமென அஞ்ச வேண்டியதில்லை.

சிகிச்சை பெற்றும் ஆறாத நீர்க்கடுப்புள்ளவர்கள், காசநோய்க்காகச் சிறுநீர் சோதிக்கப்பட்டதா என்று வைத்தியரிடம் தயங்காமல் கேட்க வேண்டும். மாவட்டந்தோறும் இயங்கும் அரச மார்புநோய்ச் சிகிச்சை நிலையங்களில் காசநோய் மருந்து இலவசமாகவே வழங்கப்படுகிறது.