நீளமான குழாய் இருந்தால் ஆழத்தில் மூச்சுவிடலாமா?

பப்பாளி இலையின் காம்பு உள்ளே வெற்றாக இருக்கும் என்பது எங்கள் நாமக்கல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். அதை ஊதிப் பார்ப்பார்கள், சோப்புத் தண்ணீரில் தொட்டுக் குமிழி விடுவார்கள். கிணற்றில் குளிக்கும்போது ஒரு முனையை வாயில் கவ்வி, மறுமுனையை நீருக்கு மேலே நீட்டிக்கொண்டு மூழ்கியும் பார்ப்பார்கள். பழைய திரைப்படங்களில் கதாநாயகன் நாணல் தண்டின் உதவியால் குளத்துக்குள் ஒளிந்திருப்பாரே, அதே உத்திதான். ஒன்பதாம் வகுப்பில் பாய்மங்கள் பாடம் நடந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சார், காம்பு நீளமா இருந்தா எவ்வளவு ஆழத்துக்கு வேணாலும் போலாமா?"

முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் பகுதிப் பிள்ளைகளில் பலர் கிணற்றிலும் ராஜவாய்க்காலிலும் காவிரியிலும் நீந்துகிறவர்கள். வகுப்பில் "முடியாது" என்று கேட்டுக்கொண்டு, மாலையில் கிணற்றில் சோதித்துப் பார்ப்பார்கள். அதனால் காரணத்தோடு சொல்ல வேண்டிய கேள்வி இது. அந்தக் காரணத்தை என் உடம்பாலேயே உணரும் வாய்ப்பு சென்ற அரையாண்டு விடுமுறையில் அந்தமானில் கிடைத்தது.

சென்னையிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அந்தமான் தலைநகர். அங்கிருந்து கப்பலில் ஹேவ்லாக் தீவு. 2018-இல் இதற்குச் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். படகுத்துறையில் இரண்டு பெயரும் புழங்குகின்றன. அங்கே எலிஃபண்ட் பீச் என்ற கடற்கரைக்கு விசைப்படகில் அழைத்துப் போய், வழிகாட்டிகளின் துணையோடு ஸ்நார்கெலிங் செய்ய வைக்கிறார்கள். நானும் என் துணைவியாரும் ஒரு குழுவில் சேர்ந்துகொண்டோம். நான் கிணற்றில் நீச்சல் பழகியவன். அவருக்கு நீச்சலே தெரியாது.

ஸ்நார்கெலிங் என்பது முத்துக்குளிப்பு அல்ல, ஸ்கூபாவும் அல்ல. ஸ்கூபாவில் முதுகில் உருளை கட்டி ஆழத்துக்குப் போவார்கள். (அதை ஆக்சிஜன் சிலிண்டர் என்று நாம் வகுப்பில் சொல்லிவிடுகிறோம். பொதுவாக அதில் இருப்பது அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றுதான்.) ஸ்நார்கெலிங்கில் குப்புற மிதந்தபடி, முகத்தை மட்டும் நீருக்குள் வைத்துக் கீழே பார்க்கிறோம். கண்ணையும் மூக்கையும் மூடும் ஒரு கண்ணாடி முகமூடி, வாயில் கவ்விக்கொள்ள ஒரு வளைந்த குழாய், உடம்பில் மிதவைச் சட்டை. அவ்வளவுதான் கருவிகள்.

எங்கள் வழிகாட்டி வங்காளக் குடும்பத்து இளைஞர். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த அகதிகள் 1950-களில் இந்தத் தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். இவர் அவர்களுடைய பேரன் தலைமுறை. சுற்றுலாப் பயணிகளிடம் கற்ற தமிழில் "அண்ணா, அக்கா" என்றுதான் பேசினார். கடலில் இறங்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஆஸ்துமா, இதய நோய், இரத்த அழுத்தம் உண்டா என்று கேட்டார். தலையை எண்ணினார். பிறகு முகமூடியின் வாரைப் போடாமல், முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சச் சொன்னார். கையை எடுத்தாலும் முகமூடி விழவில்லை. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று அதை முகத்தோடு ஒட்டி அழுத்துகிறது. காற்றழுத்தத்துக்கு இதைவிட எளிய செய்முறை எனக்குத் தெரியவில்லை. மீசைக்காரர்களுக்கு மட்டும் மீசை வழியே காற்று புகுந்து முகமூடி ஒட்டாது. குழுவில் பாதிப்பேர் தமிழர்கள் என்பதால் வாஸ்லின் டப்பா கைமாறிக்கொண்டே இருந்தது.

இடுப்பளவு நீரில் நின்று, முகத்தை அமிழ்த்திப் பத்து மூச்சு. அதைச் சரியாகச் செய்தவர்களைத்தான் உள்ளே இழுத்துப் போனார். மூச்சை "மெதுவா, நீளமா" விடச் சொல்லி மறுபடியும் மறுபடியும் நினைவூட்டினார். நீச்சல் தெரிந்தவர்களுக்குத்தான் இது கடினம். பக்கவாட்டில் தலை தூக்கி வேகமாக மூச்சு வாங்கியே பழகிய உடம்பு எங்களுடையது. நீச்சல் தெரியாத என் துணைவியார் மிதவை வளையத்தைப் பிடித்துக்கொண்டு, சொன்னபடி மெதுவாக மூச்சு விட்டு, எங்கள் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஏன் மெதுவாக, நீளமாக? இங்கேதான் மாணவனின் கேள்விக்கு முதல் விடை இருக்கிறது. இயல்பாக ஒருமுறை மூச்சு இழுத்தால் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் காற்று உள்ளே போகிறது. அதில் ஏறத்தாழ 150 மி.லி. தொண்டையிலும் மூச்சுக்குழலிலும் கிளைக்குழல்களிலும் நின்றுவிடும். காற்று நுண்ணறைகளை எட்டாது. அடுத்த முறை இழுக்கும்போது, வெளியே போகாமல் வழியிலேயே நின்ற அந்தப் பழைய காற்றுதான் முதலில் உள்ளே திரும்புகிறது. வாயில் ஒரு குழாயைச் சேர்த்தால் இந்த வழி இன்னும் நீள்கிறது. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு உருளையின் கன அளவு தெரியும். 2 செ.மீ. விட்டம், 38 செ.மீ. நீளமுள்ள குழாயில் ஏறத்தாழ 120 மி.லி. காற்று பிடிக்கும். ஆக, 500-இல் 270 போக, நுண்ணறைக்குக் கிடைக்கும் புதுக்காற்று 230. சமாளிக்கலாம், கொஞ்சம் ஆழமாக மூச்சு இழுத்தால் போதும். அதே விட்டத்தில் ஒரு மீட்டர் நீளக் குழாய் என்றால்? குழாயில் மட்டும் 314 மி.லி. நம் உடம்பின் 150-ஐயும் சேர்த்தால் 464. புதுக்காற்று வெறும் 36 மி.லி. குழாயின் மேல்முனை திறந்தே இருக்கும், காற்று வருவதுபோலவே இருக்கும். ஆனால் தான் விட்ட மூச்சையே ஒருவர் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருப்பார்.

சரி, பப்பாளிக் காம்பைப் போல மெல்லிய குழாயாக இருந்தால் கன அளவு குறையுமே என்று கெட்டிக்கார மாணவர் கேட்பார். என் வகுப்பிலும் கேட்டார்கள். மெல்லிய குழாயில் காற்று போக எதிர்ப்பு அதிகம், இழுக்கவே திணறும். அதைவிடப் பெரிய தடை நீரின் அழுத்தம். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் கூடுதலாக 100 கிராம் எடை. பத்துக்குப் பத்து செ.மீ., அதாவது ஓர் உள்ளங்கை அளவு இடத்துக்கு 10 கிலோ. மார்பின் மீதும் வயிற்றின் மீதும் இப்படி எத்தனை உள்ளங்கை இடம்! குழாய் வழியே வரும் காற்றோ மேலே இருக்கும் அதே வளிமண்டல அழுத்தத்தில்தான் இருக்கிறது. இந்த வேறுபாட்டை எதிர்த்து மார்பை விரிக்க நம் தசைகளுக்கு வலு போதாது. ஸ்கூபாக் கருவி காற்றைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்கே உயர்த்திக் கொடுக்கிறது. குழாய் அதைச் செய்யாது. கடையில் விற்கும் குழாய் ஓர் அடியைச் சற்றுத் தாண்டுவதோடு நிற்பதற்கு இவைதான் காரணங்கள்.

இந்தக் கணக்குக்கு உலகில் ஒரு விதிவிலக்கு உண்டு. நான் மிதந்த கடற்கரையின் பெயரிலேயே அது இருந்தது. யானை ஆழ நீரில் நீந்தும்போது தும்பிக்கையை மேலே நீட்டி மூச்சு விடும். அதன் நுரையீரல் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 2 மீட்டர் கீழே இருக்கும். நமக்கு அந்த நிலை வந்தால், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையின் மெல்லிய இரத்தக் குழாய்கள் அழுத்த வேறுபாட்டைத் தாங்காமல் கசியும், வெடிக்கவும் கூடும். யானைக்கு எப்படி முடிகிறது? மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரலுக்கும் மார்புச் சுவருக்கும் நடுவே வழுக்கும் திரவம் நிறைந்த மெல்லிய இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடைவெளி இல்லை. தளர்வான இணைப்புத் திசு அதை நிரப்பியிருக்கிறது. தும்பிக்கையால் மூச்சு விட்டபடி நீந்துவதற்கு ஏற்ற அமைப்பு இது என்று உடலியல் அறிஞர் ஜான் வெஸ்ட் 2001-இல் விளக்கினார். 1970-களில் மரம் இழுக்க அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட ராஜன் என்ற யானை, மரம் வெட்டுவது நின்ற பிறகும் ஹேவ்லாக்கிலேயே வாழ்ந்து, கடலில் நீந்துவதற்காகவே உலகப் புகழ் பெற்றது. 2016-இல் 66 வயதில் இறந்தது. தகவமைப்புப் பாடத்தில் ஒட்டகத்தையே எத்தனை ஆண்டு சொல்வது? இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முகமூடிக்கு வருவோம். கிணற்றுக்குள் கண்ணைத் திறந்தால் எல்லாம் கலங்கித் தெரியும், நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும். ஒளியைக் குவிப்பதில் பெரும்பங்கு கண்ணின் லென்ஸுக்கு அல்ல, முன்னாலுள்ள கார்னியாவுக்கு. அதன் ஒளிவிலகல் எண்ணும் நீரின் எண்ணும் ஏறக்குறைய ஒன்று என்பதால் நீரில் அது தன் வேலையை இழக்கிறது. முகமூடி கண்ணுக்கு முன் ஓர் அங்குலக் காற்றைத் திருப்பிக் கொடுக்கிறது. பார்வை தெளிகிறது. கூடவே ஒரு மாயமும் நடக்கிறது: மீன்கள் நான்கில் மூன்று பங்கு தூரத்திலேயே இருப்பதுபோலத் தெரிகின்றன. எட்டிப் பிடிக்கலாம்போல் இருக்கும், கை எட்டாது. கிண்ணத்து நீரில் நாணயம் மேலெழும்பித் தெரிவதை நாம் செய்து காட்டுகிறோமே, அதே 3/4 கணக்குதான்.

கீழே பார்த்ததைச் சொல்லத் தொடங்கினால் இதழில் இடம் போதாது. கடல் சாமந்தியின் விரல்களுக்கு நடுவே கோமாளி மீன்கள். பவளத்தைக் கடித்துத் தின்னும் கிளிமீன்கள். அவை கடிக்கும் சத்தம் "கறக் கறக்" என்று காதில் விழுந்தது. ஆனால் எந்தப் பக்கமிருந்து என்று சொல்ல முடியவில்லை. ஒலி நீரில் காற்றைவிட நான்கு மடங்குக்கும் மேலான வேகத்தில் வருவதால், இரண்டு காதுகளுக்கும் இடையிலான நேர வேறுபாட்டை நம் மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. கிளிமீன் தின்ற பவளம் மணலாகத்தான் வெளியே வரும். வெப்பமண்டலத் தீவுகளின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு இப்படி வந்தது என்று மாணவர்களிடம் சொன்னபோது வகுப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆனது.

பவளத்தின் மீது நிற்கக்கூடாது, தொடக்கூடாது என்பதில் வழிகாட்டி கறாராக இருந்தார். பவளம் கல் அல்ல. சிறு விலங்குகளின் குடியிருப்பு. பாறைபோல் திரண்ட வகைகள் ஆண்டுக்கு 2 செ.மீ. வளர்ந்தாலே அதிகம். ஒரு மிதி, பல ஆண்டு வளர்ச்சி. ஒடிந்து கிடக்கும் துண்டைக்கூட எடுத்து வரக்கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளங்களைக் காக்கிறது. சில இடங்களில் வெளிறிய, உயிரற்ற பவளத் திட்டுகளையும் பார்த்தோம். கடல் சூடேறும்போது, பவளத்துக்கு உணவும் நிறமும் தரும் பாசி அதைவிட்டு வெளியேறிவிடுகிறது. அந்தமானில் 2010-இலும் 2016-இலும் இது பெருமளவில் நடந்தது. பவளப்பாறையைக் காண அந்தமான்தான் போகவேண்டும் என்பதில்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்கா 1986 முதல் நம் மாநிலத்திலேயே இருக்கிறது.

உப்பு நீரில் மிதப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். முட்டைக்குப் பெயர்போன மாவட்டம் எங்களுடையது. உப்பு நீரில் முட்டையை மிதக்கவிடாத அறிவியல் ஆசிரியர் இங்கே இருக்க முடியாது. அதைக் காட்டிவிட்டு "கடலிலும் இப்படித்தான் எளிதாக மிதக்கலாம்" என்று முடிப்பது வழக்கம். புதிய முட்டை உண்மையான கடல்நீரில் மூழ்கிவிடும். டம்ளரில் நாம் கரைக்கும் உப்பு, கடலில் உள்ளதைப்போல் பல மடங்கு. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம்தான் அடர்த்தி கூடியது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது தரும் கூடுதல் தாங்கல் ஒன்றரைக் கிலோ. மிதவைச் சட்டை இல்லாமல் யாரையும் இறக்காததன் காரணம் இந்த ஒன்றரைக் கிலோதான்.

திரும்பி வந்த பின் வகுப்பில் நான் அதிக நேரம் பேசியது மீன்களைப் பற்றி அல்ல, தம் கட்டுவதைப் பற்றி. கிணற்றில் யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது என்று பையன்கள் போட்டி வைப்பார்கள். மூழ்குவதற்கு முன் பத்துப் பதினைந்து முறை வேகமாக மூச்சு இழுத்து விடுவது அவர்களுடைய உத்தி. அது ஆபத்து என்று எத்தனை பேர் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? மூச்சு முட்டுகிறது என்ற எச்சரிக்கையை நமக்கு முதன்மையாகத் தருவது ஆக்சிஜன் குறைவு அல்ல. இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு கூடுவது. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. ஆக்சிஜன் சேமிப்போ பெரிதாகக் கூடுவதில்லை. எச்சரிக்கை வருவதற்குள் ஆக்சிஜன் தீர்ந்து, நீருக்குள்ளேயே நினைவு தப்பும். திமிறலோ சத்தமோ இருக்காது. மேலே நிற்பவர்கள் அவன் ஜெயித்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைப்பார்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவனுக்கும் இது நேரும்.

வழிகாட்டியின் இன்னொரு பேச்சையும் அப்படியே சொன்னேன்: "யாராவது தடுமாறினா என்னைக் கூப்பிடுங்க, நீங்க போய்ப் பிடிக்காதீங்க." தத்தளிப்பவர் காப்பாற்ற வந்தவரைக் கட்டிப்பிடித்து அமுக்கிவிடுவார் என்பதால்தான் ஒரு கிணற்றில் இரண்டு மூன்று உயிர்கள் சேர்ந்தே போகின்றன. கயிறு, வேட்டி, சேலை, மூடிய காலிக் கேன் எதையாவது வீசவேண்டும், இறங்கக்கூடாது. முன்பு சுரைக்குடுக்கையும் பின்பு பிளாஸ்டிக் கேனும் கட்டித்தானே நாமெல்லாம் நீச்சல் பழகினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி, பிள்ளைகள் குளிக்கும் கிணறுகளின் உரிமையாளர்களைப் பார்த்தோம். இரண்டு கிணறுகளின் மேட்டில் இப்போது நீளக் கயிற்றோடு ஒரு கேன் தொங்குகிறது. மூன்றாவது கிணற்றுக்காரர் சித்திரை கழியட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.